பை திரும்பி வரும் வரை

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

சாயங்கால ஆராதனையில் குருவானவர் ஒரு யோசனை சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலத்தில் கறி மீனை விடுவது நல்லதுதான். அதைவிட நல்லது, தன்னைத்தானே ஆராய்ந்து பார்த்து நாலு வரி எழுதுவது. கேட்டதும் எனக்குச் சந்தோஷம், கறியை விடாமல் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது என்று. வீட்டுக்கு வந்து மனைவி எப்சியிடம் சொன்னேன். "தாராளமா எழுதுங்க. கறியும் கிடையாது" என்று சொல்லிவிட்டாள் மகராசி.

ஆராய வேண்டிய ஆள் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பெயர் தியோடர். வயது நாற்பத்து நாலு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட். சர்ச் பாடகர் குழுவில் ரொம்ப வருஷமாக கிட்டார் வாசிக்கிறேன். வாசிக்கிறேன் என்றால், பாட்டுக்கு அடியில் துணையாக ஒலிக்கிற கார்டு பிடித்துக் கையை மேலும் கீழும் ஆட்டுகிறேன். பாட்டுக்கு நடுவில் தனியாக எழும்பி லீட் வாசிப்பதெல்லாம் சைலஸ். எப்சியின் தம்பி, முப்பது வயது, ஏசி மெக்கானிக். எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான், சாப்பாடு கீழே எங்களோடு.

புத்தாண்டு ஆராதனையில் அவனுக்கும், ஆர்கன் வாசித்துக் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டருக்கும் முட்டிக்கொண்டது. ஜனங்களிடையே சுற்றிய காணிக்கைப் பை பீடத்துக்குத் திரும்பி வந்த பிறகும் இவன் வாசித்துக்கொண்டே இருந்தான். குருவானவர் ஜெபம் பண்ணக் கையை உயர்த்தியபடி காத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் மாஸ்டர் எல்லார் முன்னாலும், "இதென்ன, கச்சேரியாடே பண்ணுத?" என்று கேட்டுவிட்டார். சைலஸ் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். அடுத்த வாரம் ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் ஏசியின் அவுட்டோர் யூனிட் சரிந்து, இடது கை மோதிர விரல் முறிந்தது.

இன்று மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "ஈஸ்டர் வரைக்கும் காணிக்கைக்கு லீட் நீங்க பாருங்க தியோடர்."

"எனக்கு லீட் வராதே மாஸ்டர்."

"வராதுன்னா பழகுங்க. நாள் இருக்குல்லா."

சரி என்று சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது. பயம் மட்டும்தான் என்று எழுதினால் அது ஆராய்வது ஆகாது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 16

காணிக்கைப் பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. பாட்டுக்கு நாலு சரணம்தான். பை முன்வரிசையில் புறப்பட்டு, கடைசி பெஞ்சு வரை போய், மேலே காலரிக்கு ஏறி இறங்கி, பீடத்துக்கு வர வேண்டும். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டு முடிந்து பை வராவிட்டால், வரும் வரை லீட் கிட்டார் இட்டு நிரப்ப வேண்டும். அதற்கு நோட்டு கிடையாது. அந்த நேரத்தில் தோன்றுவதைத்தான் வாசிக்க வேண்டும்.

மாடிக்குப் போய் சைலஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் ஒரு நிமிஷம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு, "உக்காருங்க அத்தான்" என்றான். விரலில் கட்டு. ஸ்கேலில் உள்ள ஐந்து சுரத்தையும் எந்தக் கட்டத்தில் எந்த விரல் என்று வாயாலேயே சொன்னான். நான் கீழிருந்து மேலே போனேன், மேலிருந்து கீழே வந்தேன். மறுபடியும் போனேன்.

"அத்தான், இது வாசிக்கது இல்ல. வாய்ப்பாடு ஒப்பிக்கது."

பிப்ரவரி 17

ஒப்பித்தேன். விரல் நுனியெல்லாம் எரிச்சல்.

பிப்ரவரி 20

பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல் நடக்கிறது. காலையிலிருந்து பையன்களுக்கு ஒயர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் மாட்டியது தப்பு என்று முழிக்கும்போது பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் சைலஸ் ஒரு தண்டனை கொடுத்தான். ஐந்து சுரத்தில் இரண்டைப் பிடுங்கிக்கொண்டான். மூன்றே சுரத்தில் வாசிக்க வேண்டும். அதுவும் முதலில் வாயால் பாட வேண்டும், பாடியதைத்தான் கையால் எடுக்க வேண்டும். "பாட முடியாததை வாசிக்காதீங்க. விரல் சும்மா நடந்து போறதுக்குப் பேரு பாட்டு இல்ல."

போனில் ஜி, சி, டி என்று கார்டுகளைச் சுற்றவிட்டான். அவன் வாயால் ஒரு துண்டு பாடுவான், நான் கிட்டாரில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வியும் பதிலும். கீழே எப்சி கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் சண்டை போடுதீங்களா, வாசிக்கீங்களா?" என்றாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மானம் போயிற்று. பாட்டு முடிந்தது, பை காலரி படிக்கட்டில் நின்றது. மேலே ஏறினேன், கீழே இறங்கினேன். மூன்று சுரமும் மறந்துபோய் வாய்ப்பாடு முழுவதும் வந்துவிட்டது. முன்பெஞ்சில் ஒரு குழந்தை சிரித்தது. மாஸ்டர் ஆர்கனை ஓங்கி வாசித்து என்னை மூடிவிட்டார்.

வீட்டில் சைலஸ் ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஆராதனைக்கே வருவதில்லை. எப்சி சொல்லித் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 27

"நீங்க எங்க அத்தான் மூச்சு விட்டீங்க?" என்று கேட்டான்.

நான் மூச்சே விடவில்லை என்றேன். "அதான். பேசுதவன் மூச்சு வாங்காமப் பேசினா எவன் கேப்பான்? ஒண்ணு சொல்லுங்க. நிறுத்துங்க. கார்டு மாறட்டும். மாறின கார்டுல எந்தச் சுரம் இருக்கோ அதுல போய் உக்காருங்க. தப்பு வந்துட்டா பயந்து ஓடாதீங்க, அதையே இன்னொரு தடவை வாசிங்க. வேணும்னே வாசிச்சான்னு நினைச்சுக்கிடுவாங்க."

பாதி நேரம் சும்மா இருந்து பழகினேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா? கை அரித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஒரு துண்டு வந்தது. சின்னத் துண்டுதான். யாரும் சொல்லித்தராமல் வந்தது. சைலஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "அத்தான்! அது எங்கிருந்து வந்துச்சு?" எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பத்து நாலு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச் 2

சைலஸுக்குக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரலை மடக்கி நீட்டிப் பழக வேண்டுமாம். பிளஸ் டூ பொதுத்தேர்வு ஆரம்பித்துவிட்டதால் எனக்கு ஹால் வேலை. பெஞ்சு தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது.

இன்று பென்ட் சொல்லித்தந்தான். கம்பியை அழுத்தி மேலே தள்ளினால் ஒரு சுரம் அடுத்த சுரமாக ஏறும். மோதிர விரல் தள்ள வேண்டும், பின்னாலிருக்கும் இரண்டு விரலும் அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு ஏறுகிறது, போய்ச் சேரவில்லை. பாதி வழியில் நின்று அழுகிறது.

மார்ச் 3, ஞாயிறு

நன்றாக வாசித்தேன்! இதை எழுதுவது பெருமையடிப்பதா என்று தெரியவில்லை. பை வரும் வரை மூன்று சுரத்தை வைத்து, மூச்சு விட்டு, நிதானமாக வாசித்தேன். முடிந்து வெளியே வந்தால் கை கொடுக்க ஆள். "அண்ணாச்சி, இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். எப்சி பட்டுப்புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பக்கத்திலேயே நின்றாள். இத்தனை வருஷத்தில் என் கிட்டாரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டார். "நல்லா இருந்துது. சைலஸ் விரல் எப்படி இருக்கு? சரியாயிட்டுன்னா ஈஸ்டருக்கு வரச் சொல்லுங்க. வந்தா லீட் அவன்தான். பழசையெல்லாம் நான் மனசுல வைக்கல. நானா கூப்பிட்டா நல்லாருக்காது, நீங்க சொல்லுங்க."

"சொல்லுதேன் மாஸ்டர்."

வீட்டுக்கு வந்தபோது சைலஸ் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 4

சைலஸ் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். சாயங்காலம் எனக்கு இடுப்பு வலி.

மார்ச் 5

கேஸ் சிலிண்டர் வந்தது. வாசலிலிருந்து அடுப்படிக்கு சைலஸ்தான் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். அரிசி அரைக்கப் போன மில்லில் கூட்டம். மாஸ்டர் சொன்னதைச் சொல்ல நேரம் அமையவில்லை.

மார்ச் 8

எனக்கு பென்ட் போய்ச் சேரவில்லை என்று சைலஸ் கிட்டாரை வாங்கினான். விரல் முறிந்த பிறகு அவன் கையில் கிட்டாரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கம்பியைத் தள்ளினான். ஏறிப் போய்ச் சரியாக அந்தச் சுரத்தில் நின்றது. நின்று, லேசாக நடுங்கி, இறங்கியது. அறையே வேறு மாதிரி ஆயிற்று.

"வலிக்குதாடே?" என்று கேட்டேன்.

"லேசா."

வலி இருக்கிறது. அவனே சொன்னான். அதைக் குறித்துவைக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

மாஸ்டர் கேட்டார். "விரல்ல இன்னும் வலி இருக்கு மாஸ்டர்" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

காணிக்கைக்குப் போன வாரத்தைவிட நன்றாக வாசித்தேன். பென்ட் ஒன்று போட்டேன். போய்ச் சேர்ந்தது.

மார்ச் 13

ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலி டவுனில் புதிதாக ஒரு சபை ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கு சைலஸ் ஏசி மாட்டிக் கொடுத்தபோது அவன் வாசிப்பான் என்று தெரிந்து, வந்து சேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிடும்போது சொன்னான். எப்சி கரண்டியைப் போட்டுவிட்டாள்.

"அப்பா அம்மா கல்லறை இங்க இருக்கு. நீ ஞானஸ்நானம் எடுத்தது இங்க. கோவத்துல யாராவது கோயிலை மாத்துவாங்களாடா?"

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு. வாரம் பூரா மொட்டை மாடியில வெயில்ல கிடக்கேன். ஞாயித்துக்கிழமை அந்தப் பை சுத்துத நேரந்தான் எனக்கு. அதுக்காகத்தான் வாரத்தையே ஓட்டுதேன். மாஸ்டர் ஒரு வார்த்தை, வாடேன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் எங்கயும் போகல. நானாப் போய் நிக்க முடியுமா? எல்லார் முன்னாலயும் சொன்னாருல்லா."

நான் தலையைக் குனிந்து மோரை ஊற்றிக்கொண்டேன். ஒரு வார்த்தைதான் கேட்டான். என்னிடம் இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 14

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

மாஸ்டர் மறுபடியும் கேட்டார். "சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். யோசிக்கணும்னான்."

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. "ம். யோசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆர்கன் மூடியை இறக்கினார். "அப்போ ஈஸ்டர் உங்களுதுதான். அதிகாலை ஆராதனைக்கு வெளிய பந்தல் வரைக்கும் ஆள் இருக்கும். பை அங்கயும் போயிட்டு வரணும். ரொம்ப நேரம் ஆகும், தயாரா இருங்க."

மார்ச் 18

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "விரலில் வலி" என்று சொன்னதில் பொய் இல்லை என்று பத்தாம் தேதி எழுதியிருந்தேனே, அந்த வசதியும் இப்போது போய்விட்டது. நேற்று சொன்னது பச்சைப் பொய். சைலஸிடம் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேன், அவன் சொல்லாததைச் சொன்னான் என்றும் சொன்னேன்.

ஏன் என்று எழுதிவிடுகிறேன். எனக்கு அந்த இடம் வேண்டும். ஈஸ்டர் முடியும் வரையாவது வேண்டும். இத்தனை வருஷம் பின்னால் நின்று கார்டு பிடித்தேன். என்னை எடுத்துவிட்டால் பாட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இப்போதுதான் ஜனங்கள் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு ஈஸ்டர். அதற்கப்புறம் நானே சைலஸைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவேன். ஈஸ்டருக்கு அடுத்த நாளே.

இப்படி எழுதினால் நியாயம் மாதிரிதான் இருக்கிறது. இன்று சாயங்காலம் சொல்லித்தர உட்கார்ந்தபோது, என் விரல் நுனி வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, சைலஸ் எழுந்து போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தந்தான். நியாயம் அதோடு தீர்ந்தது.

மார்ச் 20

ஒன்றும் வரவில்லை. எது வாசித்தாலும் அவன் வாசித்தது மாதிரியே இருக்கிறது. இது அவன் பாடின துண்டு, இது அவன் காட்டின பென்ட், இது அவன் நிறுத்துகிற இடம். திருட்டுச் சாமான் கடை மாதிரி ஆகிவிட்டது என் கை.

"என்ன அத்தான், மனசு இங்க இல்லையா?" என்று கேட்டான். பரீட்சை வேலை என்றேன்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஓலையைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் பாடி வந்தோம். மாஸ்டர் சைலஸைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 29, பெரிய வெள்ளி

பீடத்தில் கருப்புத் துணி. கிட்டார் கிடையாது, ஆர்கன் மட்டும். மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றிப் பிரசங்கம் வந்தபோது எப்சி எனக்கு விசிறியால் விசிறினாள். அவ்வளவு வேர்த்திருக்கிறது எனக்கு.

வந்ததும் மாடிக்குப் போனேன், சொல்லிவிடுவது என்றே போனேன். சைலஸ் ஈஸ்டருக்கு என் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான். இடது கையால் சாவியை வேகமாகத் திருகிக்கொண்டே, "நான் ஈஸ்டருக்கு வாரேன் அத்தான். நீங்க வாசிக்கதைக் கேக்கணும். மாஸ்டர் மூஞ்சியப் பாக்காம ஓரமா உக்காந்துக்கிடுதேன். அன்னைக்கோட சரி, அப்புறம் டவுன் சபைக்காரங்களுக்குப் பதில் சொல்லணும்" என்றான்.

"சைலஸ்," என்றேன்.

"சொல்லுங்க."

"கம்பி எவ்வளவு?"

"அட, போங்க அத்தான்" என்று சிரித்தான். கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 31, ஈஸ்டர்

விடியுமுன்னே சர்ச் நிறைந்துவிட்டது. உள்ளே இடமில்லாமல் பந்தலிலும் ஜனங்கள். மல்லிகையும் மெழுகுவர்த்தியும் சேர்ந்த வாசனை. சைலஸ் சொன்னபடி வந்து, தெற்கு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தான். ஆர்கனிலிருந்து பார்த்தால் நேர் எதிரே அந்த ஜன்னல்தான். இதை நான் யோசிக்கவில்லை.

காணிக்கைப் பாட்டு முடிந்தபோது பை பந்தலுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. தயாராக வைத்திருந்ததையெல்லாம் வாசித்தேன். நன்றாகவே வந்தது. எல்லாம் தீர்ந்தும் வாசல் பக்கம் பையைக் காணோம். கை நின்றுவிட்டது. பின்னால் டிரம்மும் ஆர்கனும் சுற்றிக்கொண்டிருந்தன, நான் சும்மா நின்றேன். பயத்தில்தான் நின்றேன். பிறகு ஒரு சுரம் தொட்டேன். அதிலேயே இருந்தேன். பக்கத்துச் சுரத்துக்குப் போய்த் திரும்பி வந்தேன். என்ன வாசிக்கிறேன் என்று தெரியவில்லை. ஆனால் யாரிடமோ ஏதோ சொல்ல ஆரம்பித்துச் சொல்ல முடியாமல் நிறுத்துகிற மாதிரி இருந்தது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி நிறுத்தினேன். ஜனங்கள் இருமுவதுகூட நின்றுவிட்டது.

நிமிர்ந்து சைலஸைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தான். இடது கை முழங்காலின் மேல் இருந்தது. நான் கம்பியைத் தள்ளும்போதெல்லாம் அவன் விரலும் தள்ளியது. நாலு விரலும் முழுசாக மடங்கி, நிமிர்ந்து, முழங்காலை அழுத்தி, நான் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வந்தன. திரும்பினால் மாஸ்டர் ஆர்கனில் கை வைத்தபடி அதே விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பை வந்தது. நிறுத்தினேன்.

ஆராதனை முடிந்து வெளியே காப்பியும் பன்னும் கொடுத்தார்கள். எல்லாரும் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். அண்ணாச்சி, இன்னைக்கு அழ வச்சிட்டீங்க என்றார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாஸ்டர் சைலஸிடம் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் போனேன். எப்சியும் பக்கத்தில் நின்றாள்.

"விரல் நல்லாத்தான மடங்குது?" என்றார் மாஸ்டர்.

"ஆமா மாஸ்டர். கட்டுப் பிரிச்சு நாளாச்சே."

"பெறகு ஏன்டே வரல? உங்க அத்தான்கிட்ட எத்தனை தடவை சொல்லிவிட்டேன். ஈஸ்டருக்கு வா, லீட் நீதான், பழசை மறந்துட்டேன்னு. யோசிக்கணும்னியாமே. அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா நீ?"

சைலஸ் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு கணக்கு எங்கே உதைக்கிறது என்று தேடுகிறவன் மாதிரி பார்த்தான். தேடிக் கண்டுபிடித்ததையும் பார்த்தேன். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவன், "சொன்னாங்க மாஸ்டர். அத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல" என்றான்.

மாஸ்டர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். "சரி. உன் இஷ்டம்" என்றார். காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். எப்சி சைலஸை என்னென்ன சொல்லித் திட்டினாள் என்று எழுத முடியாது. வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே வந்தான். நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

மாடிக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"கடைசியில வாசிச்சீங்களே அத்தான், அது என்னோடது இல்ல. அது உங்களோடது" என்றான்.

"சைலஸ், நான்..."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா. இந்த ஈஸ்டர் எனக்கு வேணும்டேன்னு கேட்டிருந்தா, நான் மாஸ்டர்கிட்ட போய், வலிக்குதுன்னு நானே சொல்லியிருப்பேனே. சந்தோஷமாச் சொல்லியிருப்பேன்."

நாலு அடி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். "அக்காவுக்குத் தெரிய வேண்டாம்" என்றான்.

ஏப்ரல் 1, திங்கள்

எப்சிக்குச் சொல்லிவிட்டேன். விடிந்ததும் சொன்னேன். அவள் துவைத்துக்கொண்டிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நேத்து அவனை என்னவெல்லாம் பேசினேன்" என்றாள். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னது, சொல்லாதது, யோசிக்கணும்னான் என்று நானாகக் கட்டிச் சொன்னது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பையனைத் திமிர்பிடிச்சவன்னு வீட்டுல வந்து சொன்னேன் தியோடர். சர்ச் கமிட்டியிலயும் சொல்லிட்டேன்" என்றார்.

சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வயசான மனுஷன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். நான் கீழே நின்றேன். மேலே சைலஸ் நாற்காலி இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் பேசினார். பிறகு சைலஸின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நேத்து மத்தியானமே டவுன் சபைக்குப் போன் பண்ணி வாரேன்னு சொல்லிட்டேன் மாஸ்டர். நீங்க அப்படிப் போன பெறகு எனக்கு இங்க என்ன இருக்குன்னு தோணிட்டு. அவங்க எனக்காக, அங்க வாசிச்சிட்டிருந்த பையனை நிறுத்திட்டாங்க. இப்போ வரலன்னா நல்லாருக்காது."

"எவ்வளவு நாளைக்குடே?"

"இப்போதைக்கு அங்கதான் மாஸ்டர்."

மாஸ்டர் இறங்கி வந்தார். என்னைத் தாண்டிப் போய், வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார். "காணிக்கைக்கு நீங்களே வாசிங்க. வேற யாரு இருக்கா?"

ஏப்ரல் 7, ஞாயிறு

லெந்து முடிந்துவிட்டது. இனி எழுத வேண்டியதில்லை. இன்றைக்கு மட்டும் எழுதிவிடுகிறேன்.

காணிக்கைக்கு வாசித்தேன். காலரியில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம், பை இறங்கவே இல்லை. நன்றாக வந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். மாஸ்டர் ஆர்கன் மூடியை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

சைலஸ் டவுனிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். வழக்கம்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

"அங்க எப்படிடா இருந்துது?" என்று எப்சி கேட்டாள்.

"நல்லா இருந்துதுக்கா. பெரிய ஸ்பீக்கர். பாட்டு வரியெல்லாம் ஸ்கிரீன்ல ஓடுது. எல்லாம் மணி பிரகாரம். பாட்டுக்கு நடுவுல எனக்குக் கொஞ்சம் உண்டு. அதையும் நோட்டு போட்டுக் குடுத்துட்டாங்க, அப்படியே வாசிக்கணும்."

"காணிக்கை நேரத்துல?"

"அங்க பை சுத்தாதுக்கா. வாசல்ல ஒரு பெட்டி வச்சிருக்காங்க. உள்ள வரும்போதே போட்டுட்டு வந்துடணும்."

சைலஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே என் பக்கம் திரும்பினான்.

"உங்க சர்ச்ல இன்னைக்குப் பை எவ்வளவு நேரம் சுத்துச்சு அத்தான்?"

"ரொம்ப நேரம்டே" என்றேன்.

"யோகந்தான் உங்களுக்கு" என்று சிரித்துவிட்டு, அக்காவிடம் ரசம் கேட்டான். எப்சி அவனுக்கு ஊற்றினாள். பிறகு பாத்திரத்தை எனக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நானே ஊற்றிக்கொண்டேன்.